கும்பிடும் கணக்கும்



சென்ற விடுமுறைக்குப் பேரன் தோணிரேவுக்கு வந்திருந்தான். ஏழாம் வகுப்பு படிக்கிறான். சந்திரயான் பற்றிய பழைய செய்தி ஒன்றைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். விஞ்ஞானிகள் ராக்கெட்டின் சின்ன மாதிரி ஒன்றைத் திருப்பதிக்குக் கொண்டுபோய்ப் பெருமாள் முன் வைத்து வணங்கிவிட்டு வந்த செய்தி அது.

“தாத்தா, நீ சயின்ஸ் வாத்தியார்தானே? கணக்கு சரியா இருந்தா சாமி எதுக்கு? சாமி பாத்துக்கும்னா கணக்கு எதுக்கு?”

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறிவியல் பாடம் நடத்தியவன் நான். ஆனாலும் உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. இதே கேள்விக்கு எங்கள் குடும்பம் 1984இல் பெரிய விலை கொடுத்திருக்கிறது. அதை இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன். அதற்கு முன் கொஞ்சம் ஊர்க்கதையும் கொஞ்சம் சரித்திரமும் சொல்ல வேண்டும்.

ஏரிக்கு அந்தப்பக்கம்

பழவேற்காடு ஏரியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உப்பங்கழி இதுதான். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகப் படுத்துக் கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா தீவு. அதில் ராக்கெட் தளம் வரப்போகிறது என்று 1969இல் முடிவானது. தீவில் குடியிருந்தவர்கள் இடம்பெயர வேண்டியிருந்தது. 1971 அக்டோபர் 9 அன்று ரோகிணி வகையைச் சேர்ந்த சின்ன ராக்கெட் ஒன்று அங்கிருந்து முதன்முதலாகக் கிளம்பியது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது.

அதன்பிறகு ராக்கெட் எங்கள் வாழ்க்கையில் ஒரு பங்காகிவிட்டது. ஏவும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்று அறிவிப்பு வரும். ஊர் மொத்தமும் கரையில் நின்று வடக்கே பார்க்கும். பெரிய ராக்கெட்டுகள் வர ஆரம்பித்த பிறகு மாணவர்களைக் கரைக்கு அழைத்துப்போய் ஒரு கணக்குப் போடச் சொல்வேன். வெளிச்சம் தெரிந்தவுடன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், உறுமல் காதில் விழுந்தவுடன் மறுபடி பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் ஆகும். ஒலி ஒரு கிலோமீட்டர் போக மூன்று விநாடி. அப்படியானால் ஏவுதளம் நம்மிடமிருந்து முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். படகும் வேண்டாம், டேப்பும் வேண்டாம், தூரம் கைக்கு வந்துவிடும்.

அந்த ஒன்றரை நிமிடத்தில் என் அம்மா என்ன செய்வார் தெரியுமா? வெளிச்சம் கிளம்பியதும் கைகூப்பி நிற்பார். சத்தம் வந்த பிறகுதான் கையை இறக்குவார். “யாரு பெத்த புள்ளைங்களோ ராவெல்லாம் கண்ணு முழிச்சிருக்கும். நல்லபடியா போவட்டும்” என்பார். பக்கத்தில் நின்று நான் விநாடி எண்ணிக்கொண்டிருப்பேன். இரண்டும் ஒன்றையொன்று இடித்ததே இல்லை.

கோயில் கொடுத்த இடம்

நம் நாட்டில் ராக்கெட் வேலை தொடங்கியதே ஒரு மாதா கோயிலில்தான். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா என்ற மீனவ ஊர். பூமியின் காந்த நடுக்கோடு அந்தப் பக்கமாகப் போவதால் மேல்வானத்தை ஆராய ஏற்ற இடம் என்று விக்ரம் சாராபாய் தேர்ந்தெடுத்தார். அங்கே புனித மகதலேனா மரியாள் ஆலயம் இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவிடம் போய்க் கேட்டார்கள். அவர் தானாக முடிவு சொல்லிவிடாமல் ஞாயிறு பூசைக்கு வந்த மக்களிடமே கேட்டார். மக்கள் சம்மதித்தார்கள். ஆலயம் அலுவலகமானது. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து மேலே போனது. அந்த ஆலயக் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கிறது.

ராமேசுவரத்துக் கடற்கரையில் பிறந்த அப்துல் கலாம் அந்த ஆலயத்தில் வேலை பார்த்தவர். வேளை தவறாமல் தொழுதவர். 1979 ஆகஸ்ட் 10 அன்று அவர் தலைமையில் எஸ்.எல்.வி.-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 317 விநாடியில் வங்காள விரிகுடாவில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தைத் திருப்பும் அமைப்பில் வால்வு சரியாக மூடாமல் அமிலம் கசிந்துபோனதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. கலாமின் தொழுகையில் குறை என்று யாரும் சொல்லவில்லை. வால்வைச் சரி செய்தார்கள். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது.

சந்திரயானும் அப்படித்தான். 2019இல் ஏவுவதற்கு முன்னும் திருப்பதிக்குப் போனார்கள், 2023இலும் போனார்கள். 2019இல் லேண்டர் நிலவில் மோதிப் போனது. 2023 ஆகஸ்ட் 23இல் பத்திரமாக இறங்கியது. இரண்டு முறையும் சாமி கும்பிட்டது ஒன்றுதான். நடுவில் மாறியது வேறு: லேண்டரின் கால்களை உறுதியாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், அரை கிலோமீட்டர் சதுரத்துக்குள் இறங்க வேண்டும் என்றிருந்ததை நான்கு கிலோமீட்டர் நீளம், இரண்டரை கிலோமீட்டர் அகலம் என்று பெரிதாக்கினார்கள்.

வேலையைச் செய்து முடித்துவிட்டுத்தான் அவர்கள் திருப்பதிக்குப் போகிறார்கள். போய்வந்ததைக் காரணம் காட்டி ஒரு சோதனையையும் விட்டுவிடுவதில்லை.

ஆயாவின் பஞ்சாங்கம்

இது ராக்கெட் காலத்தில் வந்த புதுப்பழக்கம் இல்லை. எங்கள் ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது, திதி தெரியும். அமாவாசைக்கு விரதம் இருப்பார். அதே திதியை வைத்துத்தான் முகத்துவாரத்தில் தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்றும் சொல்வார். “இன்னிக்கு ஏறின நேரத்துக்கு நாளைக்கு ரெண்டு நாழிகை தள்ளி ஏறும்” என்பது அவர் கணக்கு. நாழிகைக்கு 24 நிமிடம், இரண்டு நாழிகைக்கு 48. இன்றைய புத்தகம் சுமார் 50 நிமிடம் என்கிறது. எழுத்தறியாத கிழவியின் கணக்குக்கும் புத்தகத்துக்கும் இரண்டு நிமிடம்தான் வித்தியாசம்.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஒன்றுக்கொன்று குறுக்கே நின்று இழுப்பதால் தண்ணீர் மந்தமாகிவிடும். ஆயாவுக்குக் காரணம் தெரியாது, விளைவு தெரியும். விரதத்துக்கும் வலைக்கும் ஒரே பஞ்சாங்கம் போதுமானதாக இருந்தது.

பழவேற்காட்டில் பழைய பள்ளிவாசல் ஒன்றில் சூரியக் கடிகாரம் இருக்கிறது. பார்த்தவர்கள் பலர் இருப்பீர்கள். தொழுகைக்கு நேரம் காட்டுவது சூரியனின் நிழல். உச்சி சாய்ந்ததும் லுஹர். நண்பகல் நிழலைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமாகும்போது அஸர் தொடங்குகிறது என்பது பெரும்பாலோர் கணக்கு. பக்தி சரியாக நடக்க வானியல் வேண்டியிருந்தது. பள்ளிவாசலைக் கட்டியவர்களுக்கு இதில் எந்த முரண்பாடும் தெரியவில்லை.

ஆனால் பழக்கத்துக்கும் கணக்குக்கும் சண்டை வந்த காலமும் உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் கட்டிய வானாய்வுக்கூடத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்று ஒருவர் வேலை பார்த்தார். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர். 1867இல் வானத்தில் ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆங்கிலேயர் காலத்தில் அப்படிக் கண்டுபிடித்த முதல் இந்தியர் என்று அவரைச் சொல்கிறார்கள். 1874 டிசம்பரில் சுக்கிரன் சூரியனுக்குக் குறுக்கே போகப்போகிறது என்றதும், அது என்ன ஏது என்று நம் ஜனங்களுக்குப் புரியும்படி சிறு புத்தகம் போட்டார்.

அவர் செய்த இன்னொரு காரியம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பழைய வாக்கிய முறையில் கணித்த கிரக நிலைக்கும், தொலைநோக்கியில் கண்ணால் பார்க்கும் நிலைக்கும் காலப்போக்கில் வித்தியாசம் வந்திருந்தது. பார்த்ததை வைத்துத் திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கத்தை அவர் வெளியிட்டார். வைதிகர்கள் பலர் ஏற்கவில்லை. முன்னோர் வாக்கை மாற்றலாமா என்று வாதம் நடந்தது. விரதமும் திதியும் சரியான நாளில் வர வேண்டும் என்று அக்கறை இருப்பவன்தான் கணக்கைத் திருத்த வேண்டும் என்பது அவர் பக்கத்து நியாயம். 1880இல் அவர் காலமானார். வாக்கியமும் திருக்கணிதமும் இன்றைக்கும் பக்கத்துப் பக்கத்துக் கடையில் விற்கின்றன.

அந்த வானாய்வுக்கூடம் இருந்த வளாகத்தில்தான் இப்போது வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. ரகுநாதாச்சாரி விண்மீன் பார்த்த இடத்திலிருந்துதான் நமக்குப் புயல் எச்சரிக்கை வருகிறது. 1984இலும் அங்கிருந்துதான் வந்தது.

1984 நவம்பர்

அந்த மாத நடுவில் ஒரு கடும்புயல் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அருகே கரையைக் கடந்தது. அதற்கு முந்தைய நாட்களிலேயே ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்தில் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.

என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ரேடியோவைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு எழுந்தார். படகைக் கரைமேட்டுக்கு இழுத்துக் கவிழ்த்துப் பனைமரத்தில் இரண்டு கயிறு போட்டுக் கட்டினார். பிறகு அணியத்தில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். அதே வரிசையில்தான் எப்போதும் செய்வார்.

சித்தப்பாவின் வலை முகத்துவாரத்துப் பக்கம் கழியில் கட்டிக் கிடந்தது. கடன் வாங்கி வாங்கிய புது வலை. அன்று காலையில் காற்று கொஞ்சம் அடங்கினாற்போல் இருந்தது, வெயில்கூட எட்டிப் பார்த்தது. போய் வலையை அவிழ்த்து வந்துவிடலாமா, வேண்டாமா என்று அவருக்குத் தவிப்பு. அம்மன் கோயிலில் பூ கேட்டார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது வழக்கம். அவருடைய ஆறு வயது மகளே எடுத்தாள். வெள்ளை வந்தது.

நைனா தடுத்தார். “ரேடியோவுல வேணாங்கிறான்டா. வலை போனா போவட்டும்” என்றார். “அம்மனே போவச் சொல்லுது, நீ ரேடியோவ நம்பறியே அண்ணா” என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா கிளம்பினார். மத்தியானம் காற்று திரும்பி எழுந்து ஏரித் தண்ணீரை ஒரு பக்கமாக வாரித் தள்ளியது. அவர் வரவில்லை.

மூன்று நாள் தேடினோம். சித்தி வாசலில் அகல் ஏற்றி, அணையாமல் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தார். எனக்கு முப்பத்திரண்டு வயது. அறிவியல் வாத்தியார் என்ற கர்வம் வேறு. இரண்டாம் நாள் இரவு, தேடி அலைந்த களைப்பிலும் கோபத்திலும் சித்தியிடம் சொன்னேன்: “பூ கேட்டுத்தான் போனாரு. இன்னும் விளக்கா? இந்தக் காத்துல அந்தப் படகு நிக்காது சித்தி. விளக்கு வெச்சா திரும்பி வந்துடுவாரா?”

சித்தி ஒன்றும் சொல்லவில்லை. அகலில் எண்ணெய் குறைந்திருந்தது. ஊற்றினார். நான்காம் நாள் காலையில் உடல் கிடைத்தது.

ஒரு வருடம் சித்தி என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. திதி கொடுத்த அன்று சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னார்: “அன்னிக்கு நீ சொன்னது சரிதான்பா. ஆனா அதைச் சொல்ற நேரமா அது?”

நாற்பது வருடமாக அந்த வார்த்தை என்னிடம் இருக்கிறது. சித்தப்பா செய்த தப்பும் நான் செய்த தப்பும் ஒரே இனம் என்று மெல்ல மெல்லத்தான் விளங்கியது. காற்று எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ரேடியோ இருந்தது. அதை அவர் அம்மனிடம் கேட்டார். சித்தி என்னிடம் காற்றைப் பற்றிக் கேட்கவே இல்லை. அந்த ராத்திரியை எப்படிக் கழிப்பது என்று தவித்தவருக்கு நான் காற்றின் வேகத்தைப் பதிலாகச் சொன்னேன்.

நைனா இதைத் தன் பாஷையில் சொல்வார்: “காத்த ரேடியோகிட்ட கேளு. தைரியத்த அம்மன்கிட்ட கேளு. மாத்திக் கேட்டா ரெண்டு பேரும் கைவிட்டுடுவாங்க.”

இரண்டு பொட்டலம்

பூ எடுத்த அந்தக் குழந்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தங்கச்சி என்று கூப்பிடுவேனே தவிர எனக்கு மகள் மாதிரி. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள் பத்தாம் வகுப்பில் திடீரென்று பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றாள். கேட்டுக் கேட்டு ஒருநாள் வாயைத் திறந்தாள். “நான்தாண்ணா வெள்ளைய எடுத்தேன். சிவப்ப எடுத்திருந்தா அப்பா போயிருக்க மாட்டாரு.” ஒன்பது வருடமாக யாரிடமும் சொல்லாமல் சுமந்திருக்கிறாள்.

அன்று நான் கோயிலைப் பற்றியும் பேசவில்லை, மூடநம்பிக்கையைப் பற்றியும் பேசவில்லை. ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். “நூறு தடவை சுண்டு. பூவா தலையான்னு எழுதிக்கிட்டே வா” என்றேன். சுண்டினாள். பாதிக்குப் பாதியை ஒட்டி வந்தது. “தலையே விழணும்னு நினைச்சுச் சுண்டு” என்றேன். மறுபடியும் அப்படியேதான் வந்தது. “மூடியிருந்த ரெண்டு பொட்டலமும் உன் கைக்கு ஒண்ணுதாம்மா. உள்ள என்ன இருக்குன்னு கைக்குத் தெரியாது. நீ அனுப்பல” என்றேன். நாணயத்தைக் கையில் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். மறுவாரம் பள்ளிக்கூடம் போனாள். பிற்பாடு நர்ஸ் படிப்பு முடித்து வேலைக்கும் போனாள்.

சித்தியை அந்த மூன்று ராத்திரி உட்கார வைத்தது விளக்கு. மகளை எழுப்பி நிறுத்தியது நிகழ்தகவுப் பாடம். இரண்டையும் ஒரே வீட்டில் பார்த்தவன் நான். அதனால்தான் ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்று யாராவது மேடையில் முழங்கினால் என்னால் கைதட்ட முடிவதில்லை.

பேரனுக்குச் சொன்னது

பேரனுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. அந்த விடுமுறையிலேயே ராக்கெட் ஒன்று கிளம்பியது. கரைக்கு அழைத்துப்போனேன். அவன் போனில் விநாடியை ஓடவிட்டான். என் வீட்டுக்காரி கைகூப்பி நின்றாள். வெளிச்சம் ஏறி மேகத்துக்குள் போனது. உறுமல் வந்தது. அவன் மூன்றால் வகுத்துத் தூரத்தைச் சொன்னான், சரியாகவே சொன்னான்.

“ஆயா கும்பிட்டதால தூரம் மாறுச்சா?” என்று கேட்டேன். “இல்ல” என்றான். “நீ எண்ணினதால ஆயாவுக்கு மனசு நிறைஞ்சுதா?” என்று கேட்டேன். யோசித்தான். “ரெண்டும் வேற வேற வேலையா தாத்தா?” என்றான். இப்போதைக்கு அவ்வளவு போதும் என்று விட்டுவிட்டேன்.

சித்திக்கு எழுபது தாண்டிவிட்டது. இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறார். சாயந்திரமானால் இன்றும் வாசலில் அகல் வைப்பார். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் விளக்கில் திரியைப் போட்டுவிட்டு, பற்றவைப்பதற்கு முன் என் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பார்: “வாத்தியாரே, நாளைக்குக் காத்து எப்படின்னு போன்ல பாருப்பா.”

பார்த்துச் சொல்வேன். புயல் இருந்தால் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுப் படகை மேட்டுக்கு இழுக்கச் சொல்வார். இழுத்துக் கட்டியாயிற்று என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் தீக்குச்சியைக் கிழிப்பார்.